கோத்தகிரியில் நூறு டிகிரி

தேயிலை விலை விழுந்து கோத்தகிரியில் ஃபேக்டரிகள் ஒவ்வொன்றாகப் பூட்டிய சமயம். பதினாறு வருஷம் தேயிலை உலர்த்திய சுடலைமுத்து, பள்ளிக்கூட லேபில் தற்காலிக உதவியாளனாகச் சேர்ந்தான். பீக்கர் கழுவ வேண்டும், ஸ்பிரிட் விளக்கைப் பற்றவைக்க வேண்டும், வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். கடைசி வேலைதான் கொஞ்சம் சிரமம்.

அறிவியல் வாத்தியார் ராஜரத்தினம் கோயம்புத்தூரிலிருந்து மாற்றலாகி வந்தவர். தண்ணீர் நூறு டிகிரியில் கொதிக்கும் என்றது அவருடைய புத்தகம். லேப் தெர்மாமீட்டரோ தொண்ணூற்று நான்கைத் தாண்ட மறுத்தது. புத்தகம் தப்பாக இருக்க முடியாது என்பதால் தெர்மாமீட்டர் கெட்டுவிட்டதாக முடிவாயிற்று. இப்படியே நான்கு தெர்மாமீட்டர்கள் கெட்டன.

"நாலும் எப்படிப்பா ஒரே மாதிரி கெடும்? என்ன பண்ணுன?"

"ஒண்ணும் பண்ணலீங்க சார்."

நல்ல கேள்விதான். வாத்தியார் அதை அதற்கு மேல் யோசிக்கவில்லை. கோயம்புத்தூரிலிருந்து ஐந்தாவதை வாங்கி வந்தார். "வியாழக்கிழமை இன்ஸ்பெக்‌ஷன். இதுவும் நூறு காட்டலைன்னா, வெள்ளிக்கிழமை நீ வர வேண்டாம். பழசையெல்லாம் குப்பையில போடு."

சுடலைமுத்து போடவில்லை. துணியில் சுற்றி அலமாரிக்குப் பின்னால் வைத்தான். ஃபேக்டரியைப் பூட்டிய முதலாளியும் இலை சரியில்லை என்றுதான் சொன்னார்.

புதன்கிழமை தனியாகப் புதுசை வைத்துப் பார்த்தான். தொண்ணூற்று நான்கு. இந்த வேலையும் போனால் திருப்பூருக்குப் பஸ் ஏற வேண்டியதுதான். உப்புப் போட்ட தண்ணீர் தெறித்தால் சூடு அதிகம் என்று சத்துணவு சமைக்கும் கருப்பம்மாள் புலம்புவது ஞாபகம் வந்தது. அவளிடம் கல் உப்பு வாங்கி, பிடி பிடியாகப் போட்டுக் கொதிக்கவைத்தான். மூன்றாவது பிடியில் நூறு வந்தது.

மறுநாள் ஆய்வுக்கு வந்தவர் ஜானகியம்மாள் என்ற அதிகாரி. தண்ணீர் சரியாக நூறில் கொதித்தது. பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். வாத்தியார் சுடலைமுத்துவை முதல் தடவையாக அன்போடு பார்த்தார்.

"போன வாரம் மேட்டுப்பாளையத்துல பார்த்தேன், தொண்ணூத்தொம்பது," என்றார் ஜானகியம்மாள். "அங்கிருந்து ஐயாயிரம் அடி ஏறி வந்தா நூறா? மேல ஏற ஏறக் காத்தோட அழுத்தம் குறையும். அழுத்தம் குறைஞ்சா தண்ணி சீக்கிரமே கொதிச்சிரும். இங்க தொண்ணூத்தி நாலுதான் வரணும். தெர்மாமீட்டர் கெட்டிருக்கு. யாரு பொறுப்பு?"

வாத்தியார் திரும்பிப் பார்க்காமலே சுடலைமுத்துவைக் கை காட்டினார்.

"தெர்மாமீட்டர் நல்லாத்தாங்கம்மா இருக்குது," என்றான் சுடலைமுத்து. "நாந்தான் தண்ணியில உப்பப் போட்டேன். நூறு வரலைன்னா நாளைக்கு வர வேண்டாம்னாருங்க."

அவன் அலமாரிக்குப் பின்னாலிருந்து துணிப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, வேறு தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஐந்தையும் அதில் நிறுத்தினான். ஐந்தும் தொண்ணூற்று நான்கில் நின்றன.

"உப்பு கரைஞ்சா கொதிக்கறதுக்கு இன்னும் சூடு வேணும். அதையும் எழுதிக்குங்க," என்று பிள்ளைகளிடம் சொன்ன ஜானகியம்மாள், வாத்தியாரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

ராஜரத்தினம் பிள்ளைகளின் நோட்டு ஒன்றை எடுத்துப் புரட்டினார். "நாளைக்குக் கொஞ்சம் வெள்ளனே வந்துரு," என்றார். "எல்லா நோட்டுலயும் நூறுன்னு இருக்குது. திருத்தணும்."

"சரிங்க சார்."

சுடலைமுத்து ஐந்தையும் துடைத்துப் பெட்டியில் அடுக்கினான். அந்த ஃபேக்டரி இலையும் நல்ல இலைதான். அதைக் கொதிக்கவைத்துக் காட்டத்தான் அன்றைக்கு யாரும் விடவில்லை.