திருப்பி மாட்டிய சக்கரம்

எம்மெட் கோட்ஸின் ட்ரக் என் வீட்டுப் பக்கம் திரும்பினாலே எனக்கு வயிறு எரியும். நாற்பத்தாறு வருடமாக எரிகிறது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டில், மாவட்டக் கண்காட்சியின் அரை மைல் மண்தட மோட்டார் சைக்கிள் பந்தயத்தில், மூன்றாவது வளைவில் என் அண்ணன் ராய்ஸைப் பின்னாலிருந்து இடித்துத் தள்ளியவன் அவன்தான். அண்ணனுக்கு இடது கால் முழங்காலோடு போனது. நான் எழுதிக் கொடுத்த புகாரில்தான் எம்மெட்டை அந்த வருடம் முழுக்க ஓட்டக்கூடாது என்று நிறுத்தி வைத்தார்கள். இல்லினாய் மாநிலத்திலேயே அவனை மிஞ்ச ஆளில்லை என்று பேசிக்கொண்டிருந்த நேரம் அது. அதன் பிறகு அவன் பந்தய வண்டியில் ஏறவே இல்லை. நல்லதாயிற்று என்று இருந்துவிட்டேன்.

அன்று ஓட்டிய மோட்டார் சைக்கிளை ராய்ஸ் தன் களஞ்சியத்தில் தார்ப்பாய் போட்டு மூடி, பூட்டும் போட்டு வைத்திருந்தான். பழுதுபார்க்கிறேன் கொடு என்று எத்தனை முறை கேட்டிருப்பேன்! "கிடக்கட்டும்டா, லைல்" என்பான், அவ்வளவுதான். இந்த வசந்தத்தில் பண்ணையை விற்றுவிட்டு ஊருக்குள் படியில்லாத சின்ன வீட்டுக்குக் குடிபோகும்போது வேறு வழியில்லாமல் கொடுத்தான். கொடுக்கும்போதே ஒரு நிபந்தனை.

"எஞ்சினைப் பிரி, பெயிண்ட் அடி, என்ன வேணா பண்ணு. பின் சக்கரத்த மட்டும் பிரிக்காத. அது கோணிப் போச்சு. எம்மெட்கிட்ட நல்லது ஒண்ணு இருக்கு, கொண்டாந்து தருவான்."

"எம்மெட்டா? அவன்கூட எப்பலேர்ந்து பேச்சு?"

"இந்த ஊர்ல யார்கூட பேசாம இருக்க முடியும்?"

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற கதையாக இருந்தது எனக்கு. இடித்தவன் சக்கரம் தருகிறானாம், இடிபட்டவன் வாங்கி மாட்டச் சொல்கிறானாம். ஏதோ மறைக்கிறார்கள் என்று வீட்டுக்கு வந்து டோரீனிடம் சொன்னேன்.

"நான் முட்டை பொரிச்சாக்கூட அதுல என்ன மறைச்சிருக்கேன்னு கிளறிப் பாக்கிற ஆளு நீ," என்றாள் என் மனைவி. "வண்டியப் பாரு, போ."

பார்த்தேன். வீட்டுக்குப் பின்னால் உள்ள என் கொட்டகையில் மூன்று வாரம் வேலை. ஆகஸ்ட் கண்காட்சியில் பழைய வண்டிகளை ஒரு சுற்று விடுவார்கள். அதில் இதை ஓட்டவேண்டும் என்பது ஊருக்குச் சொன்ன காரணம். உள்ளுக்குள் வேறு கணக்கு. எம்மெட் இடித்த தடம் இந்த இரும்பில் எங்காவது இருந்தே ஆகவேண்டும். அதைப் போட்டோ எடுத்துக் காட்டாமல் விடுவதில்லை என்று இருந்தேன்.

பிஸ்டன் துருவேறி இறுகிக் கிடந்தது. எண்ணெய் ஊற்றி ஒரு வாரம் ஊறவிட்டு, மரக்கட்டை வைத்துத் தட்டித் தட்டி இறக்கினேன். கார்புரேட்டருக்குள் எலி குடும்பமே நடத்தியிருந்தது. சட்டத்தைச் சுரண்டிக் கழுவி, பூதக்கண்ணாடி வைத்து அங்குலம் அங்குலமாகத் தேடினேன். பின்பக்கத்தில் ஒரு நசுங்கல் கிடையாது, ஒரு கீறல் கிடையாது! வேறு யாராக இருந்தாலும் நிம்மதி வந்திருக்கும். எனக்குச் சந்தேகம் இரண்டு மடங்கானது. எம்மெட் வெல்டிங் வேலை பார்ப்பவன் ஆயிற்றே, தடத்தை அழிக்க அவனுக்குச் சொல்லியா தரவேண்டும்?

சனிக்கிழமை காலை அவனே வந்து நின்றான். ட்ரக்கின் பின்னால் பளபளவென்று ஒரு சக்கரம். நான் கொட்டகை வாசலை அடைத்துக்கொண்டு நின்றேன்.

"எறக்கி வெச்சிட்டுப் போ," என்றேன்.

"வெக்கிறேன். பழசக் குடுத்துடு, எடுத்துட்டுப் போறேன்."

"பழசு உனக்கு எதுக்கு?"

"சும்மா குப்பைதானே. ஒனக்கெதுக்குச் சுமை?"

"எஞ்சுமையப் பத்தி நீ கவலப்படுறியா? ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம்!"

அவன் முகம் வெளுத்தது. "லைல், சொன்னாக் கேளு. அதப் பிரிக்காத," என்றான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும்! ஷட்டரை அவன் முகத்துக்கு நேரே இழுத்துச் சாத்தி உள்ளே தாழ்ப்பாள் போட்டேன்.

எங்கள் பந்தயத்தில் இடப்பக்கம் மட்டுமே வளைவு. அதனால் பின் டயரின் இடது விளிம்பு சீக்கிரம் தேய்ந்துவிடும். தகுதிச் சுற்று முடிந்ததும் சக்கரத்தைக் கழற்றி, பக்கம் மாற்றித் திருப்பி மாட்டுவோம். தேயாத விளிம்பு இறுதிச் சுற்றுக்குக் கிடைக்கும். அப்போது செயின் ஓடும் பல்சக்கரத்தையும், சக்கரத்தின் நடுக்குடமான ஹப்பின் மறுபக்கத்துக்கு மாற்றவேண்டும். ஹப்பின் இரு பக்கமும் ஒரு பள்ளம் உண்டு; அதில் உட்காரும் ஒரே ஒரு வட்டக் கிளிப்தான் பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். எங்கள் குழுவில் சக்கரம் திருப்புகிறவன் நான். என்னைவிட வேகமாகத் திருப்ப அந்த மைதானத்தில் ஆள் கிடையாது.

சக்கரத்தைக் கழற்றி மேசையில் கிடத்தினேன். பல்சக்கரம் பிடிப்பில்லாமல் ஆடியது. பல்லெல்லாம் மொக்கையாகி, செயின் சுற்றி இறுக்கிய வடு ஹப்பில் ஆழமாக இருந்தது. கிளிப் இருக்கவேண்டிய பள்ளம் காலி.

"மாட்டினியா!" என்று கத்தியே விட்டேன். இடிக்கவில்லை, கிளிப்பை உருவியிருக்கிறான், திருட்டுப் பயல்!

சக்கரத்தைப் புரட்டினேன். மறுபக்கத்துப் பள்ளத்தில், எதையும் பிடிக்காமல், துருவேறி உட்கார்ந்திருந்தது கிளிப்.

பந்தய மைதானத்தில் சக்கரம் திருப்பும்போது கிளிப்பைத் தரையில் வைத்தால் மண்ணில் தொலைந்துவிடும். அதனால் கிளிப்பைக் கழற்றி, பல்சக்கரத்தை எடுத்த கையோடு, அது இருந்த பள்ளத்திலேயே திரும்பச் செருகி வைப்பேன். சக்கரத்தைப் புரட்டிப் பல்சக்கரத்தை மாட்டிய பிறகு எடுத்து இந்தப் பக்கம் போடுவேன். அப்படிச் செய்கிறவன் நான் ஒருவன்தான். மற்றவர்கள் பல்லில் கடித்துக்கொள்வார்கள்.

அன்று நான் அதை எடுத்துப் போடவில்லை. பல்சக்கரம் நழுவி, செயின் கழன்று, சக்கரம் இறுகி, அண்ணன் தூக்கி எறியப்பட்டிருக்கிறான். பின்னால் வந்த எம்மெட் அவனைத் தொடவே இல்லை. ஐயோ, நான் என்ன காரியம் செய்தேன்!

ஷட்டரைத் தூக்கினேன். எம்மெட் போகவில்லை. ட்ரக்கின் பின்பலகையில் உட்கார்ந்திருந்தான்.

"பிரிச்சுட்டியா?"

"உனக்கு எப்பத் தெரியும்?"

"அன்னிக்கே. வண்டிய ஏத்தினது என் ட்ரக்லதானே? கிளிப்பு மறுபக்கம் இருந்தத அப்பவே பாத்தேன். ஆஸ்பத்திரில ராய்ஸ்கிட்ட சொன்னேன். அதுக்குள்ள நீ புகார் குடுத்துட்ட."

"நீ ஏன் வாயத் தொறக்கல?"

"உங்கண்ணன் என் கையப் புடிச்சுக்கிட்டான். லைலுக்குப் பத்தொம்போது வயசு, தெரிஞ்சா உசுர விட்ருவான்னான். ராய்ஸுக்குக் காலே போயிருச்சு. எனக்கு ஒரு வருஷம்தானே போகுதுன்னு நெனச்சேன்."

போனது ஒரு வருடம் மட்டும் இல்லை. ஓட்டல் மேசையில், தேவாலய வாசலில், அவன் மகள் கல்யாணத்தில்கூட அவனைப் பற்றி நான் பேசாத பேச்சில்லை.

"இப்பவே போய் எல்லாருகிட்டயும் சொல்றேன், எம்மெட். ஒருத்தர் விடாம."

"சொன்னா ராய்ஸ் காதுக்குப் போகும்," என்றான். "ஒனக்குத் தெரியக் கூடாதுன்னுதான் அந்த மனுஷன் இத்தன வருஷம் பூட்டி வெச்சான். கெழவன்கிட்டேர்ந்து அதப் புடுங்காத. வெளிய நான் கெட்டவனாவே இருந்துட்டுப் போறேன், பழகிருச்சு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டான்.

அந்நேரம் பார்த்து ராய்ஸ் போன் செய்தான். "எம்மெட் வந்தானா? சக்கரம் மாத்தியாச்சா?"

"மாத்தியாச்சு."

"பழசு?"

"அப்படியே குடுத்துட்டேன்."

"பிரிக்கலயே?"

"பிரிக்கலண்ணே."

அந்தப் பக்கம் ஒரு நீண்ட பெருமூச்சு. பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டான்: "அவன வாசல்லயே நிக்க வெச்சு அனுப்பிட்டியா?"

"இல்லண்ணே," என்றேன். "காபி குடிச்சுட்டுத்தான் போவான்."