தண்ணீர் நிற்கும் மூலை

கைதட்டல் அடங்குவதாக இல்லை. ப்ரொஜெக்டர் பக்கத்தில் நின்றிருந்த பெரியவள், தன் வரைபடம் விழுந்திருந்த திரையை ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். கைதட்டல் அதற்கில்லை. கடைசி வரிசையில் எழுந்து நின்று பேசிய அவள் தங்கைக்கு.

பூங்காவையும் அதை ஒட்டிய விளையாட்டு மைதானத்தையும் சீரமைப்பது பற்றிப் பகுதி மக்களிடம் கருத்துக் கேட்க நகராட்சி கூட்டிய கூட்டம் அது. நகராட்சிப் பொறியாளரான பெரியவள் வெயிலில் கறுத்து, மேடு பள்ளம் அளந்து, மாதக்கணக்கில் இழைத்த திட்டம். நடைபாதையை மட்டும் பதினாறு தரமாவது அழித்து வரைந்திருப்பாள். மரம் ஒன்றைக்கூட வெட்டாமல் அது வளைந்து போகும் அழகில் அவளுக்கே ஒரு மயக்கம். அவள் விளக்கி முடித்தபோது ஒருவர் கொட்டாவி விட்டார். இன்னொருவர் கழிப்பறை எங்கே என்று கேட்டார்.

அதற்குப் பிறகுதான் சின்னவள் எழுந்தாள்.

“எனக்கு இந்தப் படமெல்லாம் புரியாதுங்க. தினம் சாயங்காலம் அங்க நடக்கிறவ, அவ்வளவுதான். மைதானம் பூரா ஆம்பளைங்க ஆடுறாங்க. நாங்க வேலியப் புடிச்சுக்கிட்டு வேடிக்கை பாக்குறோம். எங்களுக்கும் ஒரு பந்தை ஓங்கி அடிக்கணும்னு ஆசை இருக்காதா? அந்த மூலை சும்மாதானே கெடக்கு. ஒரு வாலிபால் கோர்ட் போட்டுக் குடுங்களேன்.”

பெண்கள் பக்கம் ஆரவாரம். நகராட்சித் தலைவர் அவள் யாரென்று விசாரித்து, “அட, நம்ம இன்ஜினியர் தங்கச்சியா! அக்காவையே தூக்கிச் சாப்பிட்டுடுவாங்க போலிருக்கே” என்றார். கூடம் சிரித்தது. பெரியவளும் சிரித்தாள். சிரிக்காமல் என்ன செய்வது?

கணவனோடு ஒத்துவராமல் பெட்டியோடு வந்து இறங்கிய தங்கையைப் பெரியவள்தான் வாசல் வரை ஓடிப்போய் அழைத்து வந்தாள். அந்த அன்பு பொய்யில்லை. ஆனால் நாளாக நாளாக வீடு சின்னவள் பக்கம் சாய்ந்தது. அம்மா என்று ஓடிவந்த மகள் சித்தி மடியில் போய் விழுந்தாள். உப்புக் குறைந்தால் மட்டுமே வாய் திறக்கும் பெரியவளின் கணவன், சின்னவள் சொல்லும் அற்பக் கதைகளுக்குக் கண்ணில் நீர் வரச் சிரித்தான். அலுவலகமாவது தனக்கென்று இருந்தது. இப்போது அங்கேயும் வந்துவிட்டாள்.

அந்த மூலை சும்மா கிடக்கவில்லை. சுற்றுத் தெருக்களின் மழைநீர் முழுவதும் வந்து சேரும் பள்ளம் அது. அதனால்தான் பெரியவள் அதைப் புல்வெளியாகவே விட்டிருந்தாள். அன்று இரவு சாப்பாட்டு மேசையில் சின்னவள் ஆசையோடு கேட்டாள்.

“அக்கா, அந்த எடத்துல கோர்ட் வருமா?”

“பாக்கலாம்.”

அவ்வளவுதான் சொன்னாள். சொல்லிவிட்டுக் குழம்புக் கரண்டியை எடுத்தாள்.

சின்னவளை ஆலோசனைக் குழுவில் சேர்த்தார்கள். பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா, மருந்துக்கடைக்காரரின் மனைவி என்று ஒரு படையே அவள் பின்னால் திரண்டது. வலை எந்த நிறம் என்பதுவரை பேச்சு வந்துவிட்டது. பெரியவள் காதில் வாங்காதவள் போல நடமாடினாள்.

திட்டத்தை முடிவு செய்யும் கூட்டத்தில், ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர், “அது பள்ளமாச்சே?” என்று இழுத்தார்.

“எங்க அக்கா இருக்காங்க சார். ஒத்துவராதுன்னா வீட்லயே சொல்லியிருப்பாங்க” என்றாள் சின்னவள்.

எல்லோரும் பெரியவளைப் பார்த்தார்கள். அவள் ப்ரொஜெக்டரின் ஒரு பொத்தானை அழுத்தினாள். திரையில் அந்த மூலை வந்தது; முழங்கால் அளவு கலங்கல் தண்ணீர், நடுவில் ஒரு செருப்பு மிதந்தது. போன மழையில் அவளே எடுத்த படம்.

“இங்க கோர்ட் போட்டா ஒரே மழையில ஊறிப் பேந்துடும்.”

“நல்ல வேளை, நீங்க இருந்தீங்க” என்றார் தலைவர். பெரியவள் ஆசைப்பட்ட சொல். நாக்கில் இனித்தது. அந்த இனிப்பு தொண்டையைத் தாண்டவில்லை. சின்னவள் தலையைக் குனிந்து, புடவைத் தலைப்பின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

ஸ்கூட்டரில் திரும்பும்போது எப்போதும் அக்காவின் தோளைப் பிடித்து வளவளவென்று பேசிக்கொண்டு வருபவள், பின்கம்பியைப் பிடித்து உட்கார்ந்திருந்தாள்.

“படத்தை முன்னாடியே எடுத்து வெச்சிருந்தியா?”

பெரியவள் சாலையைப் பார்த்தாள்.

“அன்னிக்கு நான் கேட்டேன்ல அக்கா. வீட்ல வெச்சே சொல்லியிருந்தா, சரின்னு விட்டிருப்பேன்.”

“என் வீட்ல, என் ஆபீஸ்ல, எல்லாரும் உன்னையே பாத்தா நான் எங்கடி போறது?” கேட்க நினைத்ததில்லை. வாயிலிருந்து விழுந்துவிட்டது.

சிக்னலில் நின்றபோது சின்னவள் சொன்னாள்: “அவங்க என்னைப் பாவம்னு பாக்குறாங்க. அந்தப் பார்வையைப் போய் உனக்கு வேணும்னு கேக்குறியே.”

ஞாயிறு காலை பெரியவள் அளவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போனாள். யாரும் அனுப்பவில்லை. மேட்டுப் பக்கம் முழுவதும் அளந்தாள். கால்பந்துக் கம்பத்துக்குப் பின்னால் நீளமாக ஓரிடம், தண்ணீர் நிற்காத இடம், இருந்தது. ஆனால் அதன் குறுக்கேதான் அவள் நடைபாதை வளைந்து போகிறது. பாதையை வேலியோரம் நேர்க்கோடாக ஒதுக்கினால் கோர்ட் வரும். அந்த வளைவு போய்விடும். சற்று நேரம் அங்கேயே நின்றாள். பிறகு சின்னவளுக்குப் போன் செய்தாள்.

படையோடு வந்தாள் அவள். பெரியவளைக் கண்டதும் பெண்களின் பேச்சு நின்றது.

“இங்க போடலாம். பாதையை நான் ஒதுக்கிக்கறேன். நாளைக்கே தலைவர்கிட்ட பேசறேன்.”

தையல்காரம்மா ஓடிவந்து சின்னவளின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டாள். “விடாப்பிடியா நின்னு சாதிச்சுட்டியேம்மா!”

கைதட்டல் கேட்ட நாளின் பொறாமை பெரியவளுக்குள் மறுபடி தலைதூக்கியது. சின்னவள் அதைப் பார்த்தாளோ என்னவோ. சிரிக்கவில்லை. மன்னித்ததாகவும் காட்டவில்லை. கோர்ட் அளக்கக் கொண்டுவந்த கயிற்றுச் சுருளைப் பிரித்து ஒரு நுனியை அக்காவிடம் நீட்டினாள்.

“புடி.”

மறுநுனியை எடுத்துக்கொண்டு அவள் மைதானத்தின் குறுக்கே நடந்தாள். பெண்கள் அவள் பின்னாலேயே போனார்கள். பெரியவள் தனியாக நின்றாள். புல்லில் நெளிந்து கிடந்த கயிறு மெல்ல மெல்லத் தரையை விட்டு எழும்பியது. பனித்துளிகள் அதிலிருந்து உதிர்ந்தன. அது விறைத்து உள்ளங்கையை இழுத்தபோது, அவள் காலை அகட்டி ஊன்றிக்கொண்டாள்.