பன்னிரண்டு சொன்னால் எட்டு

ரோசரி அக்கா நிம்மதியாக மூச்சு விட ஆயிரத்து எண்ணூறு வெள்ளி ஆகும் என்றார் அர்ச்சுனன் ஆசாரி. அக்காவின் கணவர் சூசைநாதன் ஆயிரத்து இருநூறு என்றார். எழுபத்தெட்டாம் வருஷம், மலேசியாவின் ஈப்போவில் எங்கள் இரும்புக் கடை மேசையில்தான் இந்தப் பேரம் தொடங்கியது.

சூசை அண்ணன் மார்க்கெட்டில் கருவாடு விற்பவர். யார் எந்த எண்ணைச் சொன்னாலும் அதில் மூன்றில் ஒரு பங்கு பொய் என்பது அவர் கட்சி. கடைக்காரன் வீட்டில் பிறந்த எனக்கு அதில் பெரிய மறுப்பு கிடையாது. டாக்டர் அக்காவுக்கு ஒரு நாளைக்கு மூன்று மாத்திரை எழுதியபோது, இரண்டு போதாதா என்று கேட்டுப் பார்த்தவர் அவர்.

அக்காவுக்கு இதயம் வீங்கியிருந்தது. அவர்கள் குடியிருந்த தோட்டத்து லயத்து வீட்டில் தகரக் கூரை தலைக்கு ஒரு முழம் மேலேதான் இருந்தது. மத்தியானம் அது அடுப்பு. அக்கா குளியலறைச் சுவரை ஒட்டிச் சிமெண்டுத் தரையில் படுத்து, வாயைத் திறந்து காற்றைத் தேடுவார். குளிர்ச்சியான, காற்றோட்டமான இடத்தில் வைத்தால்தான் ஆள் தாங்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

லகாட் பக்கம் துண்டு போட்டு விற்ற தோட்டத்தில் அண்ணனுக்கு ஒரு மனை இருந்தது; அதில் வீடு கட்டத்தான் இந்தப் பேரம். அங்கே கரண்டு வரவில்லை, ஆகவே விசிறி என்ற பேச்சே இல்லை. வீடே விசிறியாக இருக்க வேண்டும் என்றார் ஆசாரி. உயரமான கூரை. தகரத்துக்கு அடியில் சூட்டைத் தடுக்க அத்தாப்பு ஓலை. சுவரின் உச்சியில் சுற்றிலும் இடைவெளி, வெப்பம் வெளியே போக. வெயில் பலகையில் படாதபடி சுவரைத் தாண்டி நாலு அடி நீளும் கூரை.

ஆனால் அப்படி நீட்டிய கூரைக்கு அடியில் புயல்காற்று புகுந்தால் தூக்கிவிடும். மேசையில் கிடந்த நாட்காட்டி அட்டைக்கு அடியில் கையை விட்டு ஆசாரி தூக்கிக் காட்டினார். தூணையும் கைமரத்தையும் சேர்த்துப் பிடிக்கிற இரும்புப் பட்டை வேண்டும், ஒவ்வொரு தூணுக்கும் ஒன்று.

"பன்னிரண்டு தூணு, பன்னிரண்டு பட்டை அண்ணே."

"ஆறு போடு."

"இது கூட்டிச் சொன்ன கணக்கு இல்ல அண்ணே. காத்து அடியிலேருந்து தூக்கும்."

"பலகைக்கும் இதையேதான் லா சொன்னே."

சொல்லியிருந்தார்தான். பலகையில் கூட்டியிருந்தார், ஆணியில் கூட்டியிருந்தார், வேலை நாளில் தாராளமாகவே கூட்டியிருந்தார். அண்ணன் ஒவ்வொன்றையும் சரியாகக் கண்டுபிடித்து வெட்டினார். காலையிலிருந்து பொய் சொன்ன ஒருவர் காப்பி வந்த பிறகு உண்மை சொன்னால் யார் நம்புவார்? ஆசாரிக்கும் வேலையை இழக்க மனமில்லை. பத்து என்றார். எட்டில் முடிந்தது. இருவருக்கும் ஜெயித்த முகம். பட்டை விடுபட்ட நாலு தூண்கள் பின்பக்கம், மேற்கே, ஒரே வரிசையில் நின்றன. யாரும் பார்க்காத பக்கம்.

ஆகஸ்டில் குடி போனார்கள். ஒரு மத்தியானம் பார்க்கப் போனேன். அக்கா நாற்காலியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். தன் வீட்டுக்காரர் எனக்குக் கொடுக்கச் சொன்ன கருவாடு மட்டமானது, அதை வாங்காதே, உள்ளே நல்லதை ஒளித்து வைத்திருக்கிறார் என்று என்னிடம் ஒரே மூச்சில் சொன்னார். நடுவில் நிற்காமல் அவர் அத்தனை நீளம் பேசி நான் கேட்டதே இல்லை. அண்ணன் வாசலில் நின்று, பேங்கு மேனேஜர் அறைகூட இவ்வளவு குளிராது என்று பெருமையடித்தார். அது பொய் என்று சொல்ல முடியாது.

அக்டோபரில் ஒருநாள் மூன்று மணிக்கு வானம் இருட்டியது. அண்ணன் மார்க்கெட்டில் இருந்தார். பக்கத்து மனையில் இருந்த கருப்பம்மாள்தான் பார்த்தவர். காற்று பின்பக்கமாகப் புகுந்து, பானை மூடியைத் திறப்பதுபோல மேற்குக் கூரையைத் திறந்துகொண்டு போனதாம். தகரம் ரப்பர் மரங்களில் போய்ச் சிக்கியது. ஒரு மரத்துண்டுகூட அக்கா மேல் விழவில்லை. மழைதான் விழுந்தது. கருப்பம்மாள் ஓடி வந்து, அவரைக் கட்டிலுக்கு அடியில் இழுத்துப் போட்டு, தன் உடம்பால் மறைத்துக்கொண்டார். மழை விடுவதற்குள் இருவரும் ஊறிப்போனார்கள். அண்ணன் வந்தபோது அக்காவின் உதடு நீலமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் நெஞ்சில் சளி கட்டியது. அண்ணன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பன்னிரண்டும் போட்டிருக்கணும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அக்கா கையை அசைத்து நிறுத்தினார். பழையபடி சொல்லுக்குச் சொல் மூச்சு வாங்கியது.

"ரெண்டு மாசம்... நல்லா மூச்சு விட்டேங்க. கொடுத்த காசுக்கு... நட்டமில்ல."

வியாபாரி பெண்சாதி. கணவரைத் தேற்ற வேறு பாஷை அக்காவுக்குத் தெரியவில்லை. மறுநாள் விடியுமுன் போய்விட்டார்.

சவப்பெட்டி வாங்க அண்ணனோடு நானும் போனேன். சவப்பெட்டிக் கடையின் சீன முதலாளி, எங்கள் வாயில் தவுக்கே, அவரிடம் இருபது வருஷமாகக் கருவாடு வாங்குபவர், அவர் பேரத்தை நன்றாக அறிந்தவர். அதனால் முந்நூறு வெள்ளிப் பெட்டிக்கு முந்நூற்று எண்பது சொல்லிவிட்டு, குறைத்து எழுதப் பேனாவோடு காத்திருந்தார். அண்ணன் முந்நூற்று எண்பதையும் எண்ணி வைத்தார்.

தவுக்கே பேனாவைக் கீழே வைத்தார். பிறகு எண்பதை எடுத்து, மார்க்கெட்டில் பேசும் மலாய் மொழியில் ஏதோ முணுமுணுத்து, அண்ணன் பக்கம் தள்ளினார். அண்ணன் திருப்பித் தள்ளினார். மறுபடி வந்தது. மறுபடி போனது. இருபது வருஷத்தில் அந்த இருவரும் தலைகீழாகப் பேரம் பேசியது அன்றுதான்.

"நீ சொன்ன விலை அதுதானே?" என்றார் அண்ணன். "சொன்னபடியே இருக்கட்டும்."

பெட்டியை லாரியில் ஏற்றினோம். நான் திரும்பிப் பார்த்தபோது அந்த எண்பதுக்கான நோட்டுகள் மேசை மேலேயே கிடந்தன. தவுக்கே அவற்றைத் தொடாமல் தள்ளி உட்கார்ந்திருந்தார். கடை மூடும்வரை அப்படியே கிடந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

சொன்ன விலை முந்நூற்று எண்பது. கொடுத்தது முந்நூற்று எண்பது. திருப்பியது எண்பது. வாங்கிக்கொள்ளாதது எண்பது. இரண்டு பேர் கணக்கிலும் அது இன்னும் பாக்கி.