நாற்பத்திரண்டாம் கல்

மூன்றாவது வரிசையில் பதிமூன்றாவது கல்லோடு பெயர்கள் தீர்ந்துபோயின. பதினான்காவது கல், மெருகேற்றி முடித்தது, ஓர் எழுத்துக்கூட இல்லாமல் சுவரில் சாய்ந்து கிடந்தது. அண்ணன் அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், காதோடு சேர்த்து ஓர் அறை விட்டான்.

"எந்தப் பேரைடா முழுங்கின?"

எங்கள் கல் பட்டறையில் முறை அப்படித்தான். முதலில் அடி, பிறகு கேள்வி. எனக்கு முப்பத்து நான்கு வயது, தலையில் பாதி நரை. அதெல்லாம் அவன் கைக்குத் தெரியாது.

வேலை தேவாலயத்து வேலை. மேசியாவின் முன்னோர்கள் பெயரை, ஆபிரகாமில் தொடங்கி இயேசு வரைக்கும், ஆளுக்கு ஒரு கல்லாக உள்சுவரில் பதிக்க வேண்டும். பாஸ்டர் கொடுத்த தாளின் அடியில் பதினான்கு தலைமுறை, பதினான்கு தலைமுறை, பதினான்கு தலைமுறை என்று மூன்று முறை இருந்தது. அண்ணன் உடனே பெருக்கி, நாற்பத்திரண்டு கல் அறுத்துவிட்டான். பெயர்களை எண்ணிப் பார்க்க வேண்டும் என்று அவனுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. வேதத்திலேயே கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கும்போது எவன் எண்ணுவான்?

கல்லில் பென்சிலால் எழுத்தைக் குறிப்பது என் வேலை. உளி பிடித்து வெட்டுவது அவன் வேலை. அப்பா பிரித்துக் கொடுத்தது. "பெரியவனுக்குக் கை, சின்னவனுக்குக் கண்ணு," என்பார். பொய் சொல்லக்கூடாது, அண்ணன் வெட்டிய எழுத்தைத் தடவிப் பார்த்தால் விரலுக்கு இதமாக இருக்கும். அடிக்கிற அதே கைதான்.

மூன்று முறை எண்ணினோம். நாற்பத்தொன்றுதான். பாஸ்டருக்கு ஃபோன் போட்டோம். அவர் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் வந்து நின்று, ஒவ்வொரு கல்லாகத் தொட்டு எண்ணிவிட்டுச் சிரித்தார்.

"உங்க தப்பு இல்ல. கடைசி வரிசைல பதிமூணுதான் வரும். ரொம்பக் காலமா இதைப் பத்திப் பேசிட்டுதான் இருக்காங்க. ஒரு ராஜாவை ரெண்டு தடவை எண்ணணும்னு சிலர் சொல்றாங்க. மிச்சக் கல்லை நீங்களே வெச்சுக்கோங்க."

அண்ணன் என் காதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு இரண்டு நாள் அந்தக் காதில் குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்தது.

வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். ஆனால் எனக்கு வாயில்தான் சனி. ஒவ்வொரு கல்லிலும் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் 'இன்னாரின் தகப்பன்' என்று வரும். முப்பத்தொன்பது கல்லிலும் அப்படித்தான் நான் குறித்திருந்தேன். நாற்பதாவது யோசேப்பு. அவருக்கு மட்டும் தாளில் 'மரியாளின் கணவன்' என்று இருந்தது.

"இவரு மட்டும் ஏன் பாஸ்டர் தகப்பன் இல்ல?" என்று கேட்டேன். தெரியாமல் கேட்கவில்லை. அண்ணன் காதில் விழட்டும் என்றுதான் கேட்டேன்.

பாஸ்டர் கல் தூசியைப் பார்க்காமல் மேசை மேல் உட்கார்ந்தார். "மேசியா தாவீது ராஜா வம்சத்துல வரணும்கிறது கடவுளோட வாக்கு. அது இல்லேன்னா அவரை யாரு மேசியான்னு ஏத்துக்குவாங்க? யோசேப்பு தாவீது வம்சம். அவரு பெக்கலை. ஆனா பேரு வெச்சாரு, தன் பிள்ளைன்னு வீட்ல சேர்த்துக்கிட்டாரு. அதோட தாவீது வீட்டு உரிமை முழுசும் அந்தப் பிள்ளைக்கு வந்துடுச்சு."

"மரியாளும் தாவீது வம்சம்தான்னு சொல்வாங்களே," என்றான் அண்ணன். உளியைத் துடைத்துக்கொண்டே கேட்டான், தலை நிமிரவில்லை.

"அப்படியும் நம்புறாங்க. ஆனா இந்தப் பட்டியல் அந்த வழியில போகலையே. யோசேப்பு வழியாத்தான் போகுது."

"ரத்தம் இல்லாம எதுவும் ஒட்டாது பாஸ்டர்," என்று சொல்லிவிட்டு அண்ணன் கல் அறுக்கும் மெஷினைப் போட்டான். அந்தச் சத்தத்தில் அதற்கு மேல் யாராலும் பேச முடியாது. பாஸ்டர் கிளம்பிப் போனார்.

எங்கள் வீட்டுக் கதை இதுதான். அண்ணனைப் பெற்றவள் அவன் கைக்குழந்தையாக இருந்தபோதே செத்துப்போனாள். அவனுக்கு மூன்று வயதாகும்போது அப்பா என் அம்மாவைக் கட்டிக்கொண்டு வந்தார். அம்மா வரும்போதே நான் அவள் வயிற்றில் நாலு மாதம். என்னைக் கொடுத்தவன் எவன் என்று அம்மா சொன்னதில்லை, அப்பா கேட்டதுமில்லை. நான் பிறந்ததும் தேவாலயத்துக்குத் தூக்கிப் போய் எல்லோர் முன்னாலும் பெயர் வைத்தார், பதிவேட்டில் தகப்பன் என்று தன் பெயரை எழுதினார். அதன் பிறகு அவரைப் பொறுத்தவரை அந்தப் பேச்சு முடிந்துவிட்டது.

அண்ணனுக்குப் பதினைந்து வயதில் யாரோ வேலை மெனக்கெட்டு இதைச் சொன்னார்கள். அன்று வரைக்கும் அம்மாவை அம்மா என்று கூப்பிட்டவன், அன்று சாயங்காலம் சித்தி என்றான். எனக்கு அன்றைக்குத்தான் முதல் பல் உடைந்தது. அதற்குப் பிறகு எத்தனை அடி என்று எண்ணவில்லை. நானும் சும்மா வாங்கிக்கொண்டிருக்கவில்லை. அவன் இடது புருவத்தில் இருக்கும் வெட்டு என் கைவேலை. இப்படிக் கை நீட்டுகிறவனோடு எவள் இருப்பாள்? கல்யாணமான ஆறாவது மாதம் அவன் பொண்டாட்டி பெட்டியோடு போய்விட்டாள்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் அப்பா இறந்தார். கல்லறையில் இன்னும் மண்மேடும் மரச் சிலுவையும்தான். ஊருக்கெல்லாம் கல் வெட்டியவருக்குக் கல் இல்லை. எனக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. அந்தக் கல்லில் அப்பா பெயருக்குக் கீழே அவர் பிள்ளைகள் என்று எங்கள் இரண்டு பேர் பெயரும் இருக்க வேண்டும். என் பெயர் சின்னதாக இருந்தாலும் போதும். இதை அண்ணனிடம் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. அவன் கல்லைக் குறிக்கச் சொல்லும்போது நானே குறித்துவிடலாம், வெட்டும்போது ஒரு சண்டை போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவன் குறிக்கச் சொல்லவே இல்லை.

நாற்பத்தொரு கல்லையும் லாரியில் ஏற்றி, தேவாலயத்தில் இறக்கிவிட்டு மத்தியானம் திரும்பினேன். லாரி டிரைவர் தண்ணீர் குடிக்க உள்ளே வந்தார். பட்டறைக்குப் பின்னால் அண்ணன் மேசை மேல் குனிந்திருந்தான். என்னைப் பார்த்ததும் ஈரச் சாக்கை எடுத்துக் கல் மேல் போட்டான். பதினாறு வருடமாக ஒரே மேசையில் வேலை செய்கிறோம், அவன் எதையும் மூடி நான் பார்த்ததில்லை. போய்ச் சாக்கை இழுத்தேன்.

மிச்சமான அந்தக் கல்தான். அவனே பென்சில் பிடித்துக் குறித்திருந்தான், கோடு கோணலாக இருந்தது. ஆனால் வெட்டு மட்டும் வழக்கம்போல அழகு. அப்பா பெயர், பிறந்த தேதி, இறந்த தேதி. அதற்குக் கீழே, 'அவருடைய ஒரே மகன் நிறுத்திய கல்'. 'ஒரே' என்கிற எழுத்துக்குள் வெள்ளைத் தூசி இன்னும் இருந்தது.

"இது என்ன?"

"படிக்கத் தெரியாதா?"

"அப்ப நான் யாருடா?"

அண்ணன் உளியைக் கீழே வைத்தான். "அது உங்கம்மாவுக்கே தெரியுமோ என்னவோ. எவன் பெத்தானோ அவனைத் தேடிப் போ. அவன் செத்தா அவன் கல்லுல உன் பேரை வெட்டிக்கோ."

நெற்றியால் அவன் மூக்கில் முட்டினேன். உடைந்த சத்தம் எனக்கே கேட்டது. அவன் பின்னால் போய் மெஷின் மேல் இடித்துத் திரும்பி வந்தான், வரும்போது கையில் சுத்தியல் இருந்தது. அதன் காம்பால் என் வாயில் குத்தினான். இரண்டு பல் நாக்கின் மேல் விழுந்தது, துப்பினேன். அவன் என் கழுத்தைப் பிடித்து, மெஷினடியில் தேங்கியிருந்த கல் கரைந்த சேற்றுத் தண்ணீரில் முகத்தை அழுத்தினான். கண்ணிலும் மூக்கிலும் சேறு ஏறியது, மூச்சு விட முடியவில்லை. காலைப் பின்னால் உதைத்ததில் அவன் முழங்கால் மடங்கியது. புரண்டு மேலே ஏறி, கிடைத்த இடத்தில் எல்லாம் குத்தினேன். டிரைவர், "விடுங்கப்பா, விடுங்கப்பா," என்று எங்களைச் சுற்றிச் சுற்றி வந்தார். நடுவில் கையை விட அவருக்குத் துணிச்சல் இல்லை, அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

அண்ணன் என்னைத் தள்ளிவிட்டு எழுந்து மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றான். மூக்கிலிருந்து ரத்தம் வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது.

"யோசேப்பு கதை சொல்றியாடா என்கிட்ட? அவன் பிள்ளைன்னு ஏத்துக்கிட்டது மேசியாவை. எங்கப்பன் ஏத்துக்கிட்டது எவனோ போட்டுட்டுப் போன குப்பையை."

"அதே பட்டியல்லதான் தாவீதும் இருக்கான். அடுத்தவன் பொண்டாட்டிய எடுத்துக்கிட்டு, புருஷனைச் சாகடிச்சவன். உன் சுத்தமான ரத்தம் அதுதான். போய் நக்கு."

இதைச் சொல்லும்போதே என் கை சுவரோரம் இருந்த சம்மட்டியை எடுத்துவிட்டது. அவனை அடிக்க எடுக்கவில்லை. கல்லை அடிக்கத்தான். நான் மகன் இல்லை என்று சொல்லும் அந்தக் கல், அப்பா தலைமாட்டில் போய் நிற்கக்கூடாது. இரண்டு கையாலும் தூக்கினேன். அண்ணன் கத்தவில்லை. வலது கையை விரித்து அப்பா பெயரின் மேல் வைத்தான்.

சம்மட்டி இறங்கியது.

இதை எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டேன். சம்மட்டி இறங்க ஆரம்பித்த பிறகுதான் கையைப் பார்த்தேன் என்று சொல்வேன். அது உண்மை. ஆனால் கொஞ்சம் திருப்பியிருக்கலாம். ஒரு சாண் திருப்பியிருந்தால் மேசைமேல் விழுந்திருக்கும். திருப்பவில்லை. அந்த ஒரு நொடி எனக்கு அந்தக் கையைப் பிடிக்கவில்லை.

கல் மூன்றாகப் பிளந்தது. கைக்கு என்ன ஆனது என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. டிரைவர் தன் சட்டையைக் கழற்றிச் சுற்றினார், இரண்டு பேருமாகத் தூக்கி லாரியில் போட்டோம். வழி முழுக்க என் மடியில்தான் அவன் தலை. என் வாய் ரத்தம் அவன் நெற்றியில் சொட்டிக்கொண்டிருந்தது, துடைக்கத் துடைக்க மறுபடியும் சொட்டியது.

ஆஸ்பத்திரியில் எப்படி நடந்தது என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன், "கல்லு விழுந்துடுச்சு," என்றான். என் உடைந்த வாயையும் அவன் உடைந்த மூக்கையும் டாக்டர் பார்த்தார். நாலு விரலையும் எடுக்க வேண்டும், இல்லையென்றால் கையே போகும் என்றார். வலிக்கு ஊசி போட்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் கவுன்டர்க்காரி தாளோடு வந்தாள். அதற்குள் தகவல் கேட்டு அம்மாவும் ஆட்டோவில் வந்து சேர்ந்திருந்தாள், ஒரு காலில் செருப்பு இல்லை.

"ஆபரேஷனுக்குக் கையெழுத்து வேணும். இவரு வலி ஊசி மயக்கத்துல இருக்காரு, கையும் இப்படி இருக்கு, இவரு போட முடியாது. நெருங்கின ரத்த சொந்தம் யாரு? அம்மா, நீங்க பெத்தவங்களா?"

அம்மா முந்தானையைக் கசக்கினாள். "நான் சித்தி," என்றாள். இருபத்து மூன்று வருடமாக அவன் சொல்லிச் சொல்லி அவளுக்கே அது பழகிவிட்டது.

"அப்பா?"

"இல்ல. போயிட்டாரு."

"மனைவி, பிள்ளைங்க?"

அம்மா இல்லை என்று தலையாட்டினாள். அப்பா போன பிறகு அவனுக்கு ரத்த சொந்தம் என்று இந்த உலகத்தில் ஒருவரும் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ரத்தம் ரத்தம் என்று அடித்துக்கொண்டவன் அவன்தான். பழிக்குப் பழி என்று சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். சந்தோஷம் வரவில்லை.

கவுன்டர்க்காரி என்னிடம் திரும்பினாள். "நீங்க இவருக்கு என்ன வேணும்?"

தம்பி என்று சொல்லிவிட்டால் வேலை முடியும். எனக்கு வாய் வரவில்லை. அவன் கையை நசுக்கிவிட்டு, அவன் கொடுக்காத உறவை அவன் மயக்கத்தில் கிடக்கும்போது நானே எடுத்துக்கொள்வதா? சம்மட்டியைத் தூக்கத் தெரிந்தவனுக்கு அந்த ஒரு சொல்லைச் சொல்லத் தெரியவில்லை. அவள் பொறுமை இழந்து அண்ணன் பக்கம் குனிந்தாள்.

"சார், கேக்குதா? இவரு யாரு உங்களுக்கு?"

அண்ணன் கண்ணைத் திறந்தான். இமை பாதிக்கு மேல் ஏறவில்லை. அம்மாவை ஒரு முறை பார்த்தான், அப்புறம் என்னையே வெகுநேரம் பார்த்தான். சம்மட்டியை நான் திருப்பவில்லை என்பது அவனுக்குத் தெரியும், அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.

"எங்கப்பாவோட மகன்," என்றான். "அவன் போடட்டும்."

அவள் உறவு என்ற இடத்தில் எழுதிவிட்டுத் தாளை என்னிடம் நீட்டினாள். வலது கை, நாலு விரல், எடுப்பதற்குச் சம்மதம். முழுவதையும் ஒருமுறை படித்தேன். மகன் என்கிற அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இத்தனை வருடம் அடித்துக்கொண்டேன், கடைசியில் அதைக் கொடுத்துவிட்டான். அந்த உரிமையில் அவன் விரல்களை வெட்டச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். கை நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.