நால்துண்டு வீட்டுச் சர்க்கரை

ஷெக்கி ஊரில் சிரிப்பு நாடகம் எழுதிப் பிழைத்த அகாமூசா, அதுவரை எழுதியது இருபத்திரண்டு நாடகங்கள். ஊர் நினைவில் வைத்திருந்ததோ ஒன்றே ஒன்று, அதிலும் கடைசிக் காட்சியை மட்டும். பெண் கேட்டு வந்தவருக்கு ஒரு கஞ்சன் சர்க்கரை இல்லாத தேநீர் கொடுப்பான். ஊர் வழக்கப்படி அதற்குப் பெண் கிடையாது என்று அர்த்தம். வந்தவர் விடாமல் சர்க்கரை கேட்பார். கஞ்சன் ஒரு கட்டியை இடுக்கியால் நாலாக உடைத்து, நாலையும் டப்பாவிலேயே போட்டு மூடுவான். பத்தொன்பது வருஷமாக அந்த இடத்தில் அரங்கமே குலுங்கியது.

அந்தக் கஞ்சன் தபால் நிலைய அதிகாரி கஸன்ஃபர்தான் என்பது ஊரறிந்த ரகசியம். மீசை, இருமல், இடுக்கி எல்லாமே அவருடையவை. நாடகம் வந்த நாளிலிருந்து அவர் பெயர் நால்துண்டு. கடிதம் போட வருகிறவன்கூட அப்படித்தான் சொன்னான்.

விதியைப் பாருங்கள், அகாமூசாவின் ஒரே மகன் ராசிமுக்குப் பிடித்துத் தொலைத்தது அந்த நால்துண்டின் மகள் ஸர்னிகாரைத்தான்.

"எழுதுறப்பவே யோசிச்சிருக்கணும்," என்றாள் மனைவி துகேஸ்பான். "இப்பப் போய்க் கேளுங்க. புள்ள மூணு நாளாச் சாப்பிடல."

போனார். தேநீர் வந்தது. சர்க்கரை வரவில்லை. அகாமூசா நாற்காலி நுனிக்கு வந்தார்.

"மன்னிச்சிருங்க கஸன்ஃபர். அந்த நாடகத்த இனிமே போடவே வேணாம்னு சொல்லிடுறேன்."

"நிறுத்தச் சொல்லி யாரு கேட்டா? பதினோரு தடவ பாத்துட்டேன். என் வேஷம் போடுறவனுக்கு ஒழுங்கா இருமக்கூட வரல. வர்ற ஞாயித்துக்கிழமை நானே நடிக்கிறேன். பொண்ணு கேக்குறவரா நீங்க வாங்க. மிச்சத்த அப்புறம் பேசலாம் வாத்தியாரே."

ஊர் பார்க்க மூக்கை உடைக்கப் போகிறார் என்று அகாமூசாவுக்குப் புரிந்துவிட்டது. பத்தொன்பது வருஷக் கடுப்பு, சும்மா போகுமா? மகன் முகத்தை நினைத்து ஒப்புக்கொண்டார்.

ஞாயிறு மத்தியானம் ஜன்னல் விளிம்பில்கூட ஆள் உட்கார்ந்திருந்தது. கஸன்ஃபர் பிரமாதமாக இருமினார். வசனம்தான் தகராறு. "நான் எப்ப இப்படிச் சொன்னேன்?" என்று மேடையிலேயே இரண்டு இடத்தில் திருத்தம் போட்டார். பாவம், கஞ்சனின் மனைவியாக நடித்தவள் திருதிருவென்று முழித்தாள்.

கடைசிக் காட்சி வந்தது. வெறும் தேநீரை அகாமூசா முன்னால் வைத்தார் கஸன்ஃபர்.

"கொஞ்சம் சர்க்கரை கிடைக்குமா?" தானே எழுதிய வசனம்தான். ஆனால் இந்தத் தடவை நிஜமாகவே கேட்டார்.

அரங்கம் சிரிக்கத் தயாரானது. கஸன்ஃபர் டப்பாவைத் திறந்தார், இடுக்கியை எடுத்தார், கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். ஒரு முழுக்கட்டியை எடுத்துத் தேநீரில் போட்டார். பிறகு இன்னொன்று. பிறகு மூன்றாவது.

ஒருத்தரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் ராசிம் எழுந்து நின்றுவிட்டான். ஸர்னிகார் முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டாள். அகாமூசாவுக்குக் கண் நிறைந்து, அடுத்த வசனம் மறந்தே போனது.

"குடிங்க, ஆறிடப்போகுது," என்று கீழேயிருந்து துகேஸ்பான் அதட்டினாள். அப்போதுதான் அரங்கம் குலுங்கியது.

குடித்தார். திகட்டியது. பாதியில் கோப்பையை வைக்கப் போனவரின் கையைக் கஸன்ஃபர் பிடித்துக்கொண்டார்.

"இது என் வீட்டுச் சர்க்கரை, சம்பந்தி. மிச்சம் வைக்காதீங்க."