டெடி மணி அடிக்காத மதியம்

கடலைப் பிளந்த மோசேயாலும் ஆகாத காரியம் ஒன்றை, பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற நான் ஒரே மதியத்தில் செய்து முடித்தேன். ஹேகன் மலையில் பிறந்தவர்களை, "எனக்கு ஒரு கஷ்டம் இருக்கிறது" என்று வாய் திறந்து சொல்ல வைத்தேன்.

நீங்கள் நம்ப வேண்டாம். எங்கள் ஆட்களைத் தெரிந்த யாரும் நம்ப மாட்டார்கள். ஒரு கையைக் கரடி கடித்துக்கொண்டிருக்கும்போது "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால், மறு கையால் தொப்பியைத் தூக்கி, "ஒரு குறையும் இல்லீங்க, உங்க வீட்ல எல்லாரும் சுகமா?" என்பவர்கள் நாங்கள். கொஞ்சம் மிகைப்படுத்திவிட்டேன். கரடி சின்னக் கரடிதான்.

இந்த வீம்புதான் அன்றைக்கு எங்கள் குடியைக் கெடுக்கப் பார்த்தது. பழைய தீவனக் கடையில் மேவிஸ் ஒரு பகல் வீடு நடத்திவந்தாள். குடியையும் மாத்திரையையும் விட்டவர்கள், காதில் குரல் கேட்பவர்கள், சக்கர நாற்காலிக்காரர்கள் என்று பலரும் காலையில் அங்கே கூடி, சேர்ந்து சமைத்து, சேர்ந்தே சண்டை போட்டு, சாயங்காலம் வீடு திரும்புவார்கள். என் தம்பி ரூஃபஸ் அங்கே போகத் தொடங்கிய பிறகுதான் குடியை விட்டான். அதற்கு முன் அவன் மூச்சு விட்டால் வானத்தில் போகிற காக்கை தள்ளாடும். மாநில அரசின் மானியம் வந்தால் அந்த வீடு நிற்கும். வராவிட்டால் மாதக் கடைசியில் பூட்டு. பூட்டினால் ரூஃபஸின் கால்கள் எந்தக் கதவைத் தேடிப் போகும் என்பது எனக்குத் தெரியும். அதனால் அந்த மானியத்தை வாங்காமல் விடுவதில்லை என்று முடிவு கட்டியிருந்தேன்.

மானியத்துக்கு ஒரு நிபந்தனை இருந்தது. அதிகாரி நேரில் வருவார். ஊர்க்காரர்கள் தங்கள் தேவையைத் தங்கள் வாயாலேயே சொல்ல வேண்டும். மாநிலத் தலைநகர் ராலேயிலிருந்து வந்தவர் திருமதி லாங்ஸ்டன். நல்ல மனுஷி. மலைப்பாதையில் வந்த மயக்கம் தீருமுன்பே தேவாலய மண்டபத்தில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கேட்டார். மண்டபம் நிறைந்திருந்தது. எல்லோரும் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையில் வந்திருந்தார்கள்.

"உங்க வீட்ல யாருக்காவது மனசு சரியில்லாம, தூக்கம் வராம...?"

"நல்லா இருக்கோம் மேடம்."

"குடிப் பழக்கத்தால ஏதாவது சிரமம்?"

"கர்த்தர் புண்ணியத்துல ஒண்ணும் இல்ல மேடம்."

கடைசியில் ரூஃபஸிடம் வந்தார். நான் என் கண்களாலேயே அவன் முதுகைப் பிடித்துத் தள்ளினேன். அவன் எழுந்து, "போன வாரம் சளி இருந்துச்சு மேடம். போயிடுச்சு" என்று சொல்லி உட்கார்ந்தான்.

மேவிஸ் முகத்தை மூடிக்கொண்டாள். லாங்ஸ்டன் பேனாவை மூடினார்.

மதியச் சாப்பாட்டுக்கு அவரவர் வீட்டிலிருந்து மூடிக் கொண்டுவந்த பாத்திரங்கள் வரிசையாக இருந்தன. பீன்ஸ், சோள ரொட்டி, பொரித்த கோழி, வாழைப்பழப் புட்டிங். அந்த வரிசையில் எனக்கு முன்னால் நின்றவன் ஹோய்ட். என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன். லாரி மெக்கானிக்காக இருந்தவன், மனைவியை இழந்தவன், எதையும் நம்பாதவன்.

"வீட்டுக்குப் போ அர்வெல்லா. இந்த மலையில ஒருத்தன் வாயத் தொறந்தாலும் என் தொப்பிய வேகவச்சுத் திங்குறேன்."

"கிரேவி ஊத்தியா, ஊத்தாமயா?"

"நீ சாகுற வரைக்கும் திருந்த மாட்ட, கிழவி."

கோழிக் காலைக் கடிக்கும்போதுதான் எனக்கு யோசனை வந்தது. எங்கள் ஆட்கள் உண்மை சொல்லக் கூசுவார்கள். ஆனால் பொய் சொல்லச் சொன்னால் முந்திக்கொண்டு வருவார்கள். ஆப்பிள் அறுவடை முடிந்ததும் இதே மண்டபத்தில் வருஷா வருஷம் பொய்ப் போட்டி நடக்கும். அந்த மேடையில் ஒருவர் சொன்னதைப் பற்றி வெளியே யாரும் கேட்கவும் கூடாது, அது உண்மை என்று சொல்லவும் கூடாது. இது எங்கள் பத்துக் கட்டளைகளுக்கு அடுத்த பதினோராவது.

லாங்ஸ்டன் கிளம்பப் பார்த்தார். பாவம், அவர் காருக்குப் பின்னால் என் வண்டி நின்றது. சாவியை எங்கேயோ மறந்து வைத்துவிட்டேன். அது என் காலணிக்குள் குத்திக்கொண்டிருந்தது.

மேடையேறிச் சத்தம் போட்டேன். "இன்னைக்கே பொய்ப் போட்டி! டெடி, மணிய எடு!"

டெடி பகல் வீட்டுப் பிள்ளை. டவுன் சிண்ட்ரோம் உள்ளவன், வயது முப்பது. போட்டிக்கு அவன்தான் நடுவர். பொய் என்று பட்டால் மாட்டு மணியை அடிப்பான். ஒருமுறை பாதிரியார் பிரசங்கத்தின் நடுவிலும் அடித்திருக்கிறான்.

நானே தொடங்கினேன். "ஒரு நாள் மூடுபனி எவ்வளவு கெட்டின்னா, பஸ்ஸ அது மேலயே ஏத்தி, பள்ளிக்கூடத்துக் கூரையில பிள்ளைகள இறக்கி விட்டேன்!"

டெடி மணியை அடித்துப் பிய்த்துவிட்டான். மண்டபம் சிரித்தது.

"இன்னொரு பொய். ஒருத்திக்கு ஒரு தம்பி. தினமும் விடியக்காலையில காலி பஸ்ஸ எடுத்துட்டுப் போயி, அவன் பள்ளத்துல எங்கயாவது விழுந்து கிடக்குறானான்னு பாத்துட்டுத்தான் அவ பிள்ளைங்கள ஏத்தப் போவா."

மணி அடிக்கவில்லை.

"அடிடா டெடி."

"பொய் வந்தா அடிக்கிறேன், மிஸ் அர்வெல்லா."

தேவாலயத்தில் பியானோ வாசிக்கும் ஒட்டிலி எழுந்தாள். வங்கியில் வேலை, எப்போதும் இஸ்திரி கலையாத உடுப்பு. "நானும் ஒரு பொய் சொல்றேன். என் பியானோவுக்குள்ள ஒருத்தன் உக்காந்து என்னைத் திட்டிக்கிட்டே இருக்கான். மேவிஸ் வீட்டுக்குப் போனா மட்டும் வாய மூடிக்கிறான்."

மணி அடிக்கவில்லை. ரூஃபஸ் எழுந்தான். "என் பொய்யில சளியே கிடையாது" என்று தொடங்கியவன் நிறுத்தவே இல்லை. அவனுக்குப் பின்னால் வரிசை நின்றது. வாசலைத் தாண்டி, ஆற்றைத் தாண்டி, பக்கத்து மாநிலம் வரை நின்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். டெடியின் மணி மடியிலேயே கிடந்தது.

கடைசியாக ஹோய்ட் வந்தான். எப்போதும் பரிசு வாங்குபவன் அவன்தான். எல்லோரும் சிரிக்கத் தயாரானார்கள்.

"ஒருத்தன் இருந்தான். பொண்டாட்டி செத்த பிறகு தன் துப்பாக்கியப் பக்கத்து வீட்ல கொண்டுபோய்க் குடுத்தான். அணில் தொல்லை தீந்துடுச்சு, இனிமே எதுக்குன்னான். அணிலெல்லாம் அப்படியேதான் இருக்கு. அந்தத் துப்பாக்கியோட ஒரே வீட்ல தனியா இருக்க அவனுக்குப் பயம்."

யாரும் சிரிக்கவில்லை. டெடி மணியைத் தூக்கித் தன் நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டான்.

லாங்ஸ்டன் எழுந்தார். "எனக்குப் புரியுது. ஆனா பொய்ப் போட்டியில சொன்னத நான் எப்படிங்க எழுதுறது? ஒருத்தராவது இது உண்மைதான்னு சொல்லணும்."

பதினோராவது கட்டளையை மீற யாருக்கும் துணிவில்லை. நான் ரூஃபஸைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான். காலணிக்குள் சாவி குத்தியது. இவ்வளவு தூரம் இழுத்துவந்து வாசற்படியில் வண்டி நின்றுவிட்டதே என்று நினைத்தேன்.

ஹோய்ட் இன்னும் மேடையிலேயே நின்றுகொண்டிருந்தான். தொப்பியைக் கழற்றி, அதன் விளிம்பைச் சுற்றிச் சுற்றித் திருப்பினான். பிறகு என்னை ஒரு முறை முறைத்துவிட்டு, லாங்ஸ்டன் பக்கம் திரும்பினான்.

"அது நடந்ததுதான் மேடம். இன்னும் நடந்துக்கிட்டுத்தான் இருக்கு. என் பேரப் போட்டே எழுதிக்குங்க."