மை படாத பனி

படம் அச்சடிக்கும் மரப்பலகைகளைச் செதுக்குகிற மகோஹாச்சிக்கு வாய் கொஞ்சம் நீளம். அன்றைக்கு அவன் உளியைக் கீழே வைத்துவிட்டான். ஆணும் பெண்ணும் ஒட்டி நிற்கிற படம் இனி ஜப்பானின் எடோ நகரில் விற்கக் கூடாதென்று மேலிடத்து உத்தரவாம். பதிப்பாளர் வந்து சொல்லிவிட்டுப் போனார். மலை, மரம், ஆறு என்றால் தடையில்லை. அதனால் மகோஹாச்சி செதுக்கி முடித்திருந்த பலகையில், குடைக்குள் நிற்கும் இருவரையும் வழித்தெடுத்துவிட்டு, பனியையும் பைன் மரத்தையும் விட்டுவைத்தால் போதும். மேலிடத்துக்குக் கோபம் வந்தால் காதலர்கள் தலையில்தான் விடியும்.

குடைக்குள் நிற்பவள் ஓகினு, படத்தை வரைந்த தோகாயின் மனைவி. போன குளிர்காலத்தில் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். பக்கத்தில் நிற்பவன் தோகாயேதான். ஊரிலுள்ள அழகிகளையெல்லாம் வரைந்த மகராசன், கட்டியவளை வரைந்தது ஒரே ஒரு தாளில். அதுவும் இப்போது இல்லை. வரைந்த தாளைப் பலகையில் கவிழ்த்து ஒட்டி, தாளோடு சேர்த்துச் செதுக்குவதுதான் தொழில். இன்னும் ஒரு பிரதிகூட அச்சாகவில்லை. அவள் முகம் மிச்சமிருந்தது அந்தப் பலகையில் மட்டும்தான்.

தோகாய் வந்து வாசலிலேயே நின்றான்.

"வழிச்சிடப் போறியாடா?"

"வழிக்கலேன்னா என் கையில விலங்கு மாட்டுவானுங்க. அப்புறம் உன் கிறுக்கலையெல்லாம் எவன் செதுக்குவான்?"

இருவருக்கும் சிரிப்பு வரவில்லை. தோகாய் தலையாட்டிவிட்டுப் போய்விட்டான்.

மகோஹாச்சி கதவைச் சாத்தினான். பலகையிலிருந்து ஒரு பிரதி எடுத்து, அதைச் சின்ன செர்ரிக் கட்டையில் ஒட்டி, அவர்கள் இருவரை மட்டும் மறுபடி செதுக்கினான். பிறகுதான் பெரிய பலகையில் உளியை வைத்தான். ஓகினுவின் நெற்றி முடியை இழை இழையாகச் செதுக்கியதும் இதே கைதான். அழுதான்.

படம் அச்சாகி வந்தது. வெறும் பனி. பதிப்பாளருக்குப் பரம திருப்தி. மகோஹாச்சி அதில் ஒரு தாளை நனைத்துச் சின்னக் கட்டைமேல் வைத்து, மை தடவாமல், முழங்கையால் அழுத்தித் தேய்த்தான். யார் கையிலும் சிக்காதபடி கட்டையை அடுப்பில் போட்டுவிட்டு, தாள் காய்ந்ததும் தோகாய் வீட்டுக்கு நடந்தான்.

தோகாய் தாளை வாங்கிப் பார்த்தான். "ரொம்ப சுத்தமா எடுத்துட்ட."

"சன்னல்கிட்ட கொண்டுபோ. சாய்ச்சுப் பிடி."

சாய்த்தான். பனிக்குள்ளிருந்து குடை மேடிட்டு எழுந்தது. தோள் தெரிந்தது. பிறகு ஓகினுவின் முகம். தோகாயின் விரல் தானாகவே அவள் கன்னத்துக்குப் போயிற்று.

"தொடாதடா," என்றான் மகோஹாச்சி. "தொட்டுத் தொட்டுப் பாத்தா அமுங்கிடும். அப்புறம் வெறும் தாள்தான்."

தோகாய் கையை இழுத்து, இன்னொரு கையால் பிடித்துக்கொண்டான்.